மறுபூச்சு

பதினேழாவது படத்தில் சின்னவளின் விரல் விழுந்திருந்தது. அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. ஒரே பொம்மையை முப்பது தடவை படமெடுக்கிற பிழைப்பில் எப்போதாவது ஒரு விரலோ, ஒரு தலைமுடியோ விழத்தான் செய்யும். அந்தப் படத்தைத் தூக்கிப்போட்டுவிட்டு வேறொன்று எடுத்தால் தீர்ந்தது. ஆனால் தூக்கிப்போடுவதற்கு முன்னால், கைப்பழக்கமாக, அதைத் திரையில் முழு அளவுக்குப் பெரிதாக்கிவிட்டாள். அப்புறம் அழிக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த விரல் நுனியில் ரேகை இல்லை.

பக்கத்தில் நிற்கும் பொம்மையின் சட்டைக் காலரில் ஒட்டிய பஞ்சு நூல்கூடக் கயிறு கணக்காகத் தெரிகிற படம் அது. அதில் விரல் மட்டும் புதுச் சோப்புக்கட்டி மாதிரி வழவழவென்று, லேசாகச் சாம்பல் பூத்து நின்றது. கையை விளக்கடியில் நீட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெறும் கண்ணுக்கு எப்போதும் போலத்தான் இருந்தது. பொம்மைக்கு அடிப்பூச்சாக அடிக்கிற ப்ரைமர் தூள் ஏதாவது அப்பியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு அவள் சின்னவள், அக்கா பெரியவள். பெற்றவர்கள் போய்ச் சேர்ந்து பதினாலு வருஷமாக இரண்டு பேர் மட்டும்தான் இந்த மூன்றாவது மாடி வீட்டில். பெரியவளுக்குக் கையில் வித்தை இருந்தது. ஊர் பேர் தெரியாதவர்கள் தங்கள் அப்பாவின் படத்தையோ, கல்யாணப்பெண்ணின் படத்தையோ அனுப்புவார்கள்; அவள் பிசினில் வார்த்த சுண்டுவிரல் உயர உருவத்தை எடுத்து, முதலில் சாம்பல் நிற ப்ரைமர் அடித்து, அதன்மேல் இரண்டு முடி மட்டும் உள்ள பிரஷ்ஷால் முகத்தைக் கொண்டுவருவாள். அச்சு அசலாக இருக்கும். பார்த்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். ஆனால் பார்க்க வேண்டுமே? வாங்குகிறவர்கள் எல்லாம் தூரதேசத்தில் இருந்தார்கள். அவர்கள் பார்த்தது பொம்மையை அல்ல, சின்னவள் எடுத்த படத்தை. அந்தப் படத்தில் பொம்மை உயிரோடு இருந்ததென்றால் அது பாதி சின்னவளின் கைவேலை. பேர் அக்காவுக்கு, கழுத்துவலி தங்கைக்கு. இதை அவள் ஒருநாளும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

அவ்வளவு கிட்டத்தில் போனால் லென்ஸுக்குக் கண் குறுகிவிடும். மூக்கு தெளிவாக இருந்தால் காது மங்கும், காது தெளிந்தால் மூக்கு போய்விடும். அதனால் கேமராவை ஒரு மயிரிழை நகர்த்தி ஒரு படம், இன்னொரு மயிரிழை நகர்த்தி இன்னொரு படம் என்று முப்பது எடுத்து, ஒவ்வொன்றிலும் தெளிவாக உள்ள இடத்தை மட்டும் கணினி பொறுக்கி ஒன்றாகச் சேர்க்கும். அதுவரை பொம்மை ஆடக்கூடாது, மேசை ஆடக்கூடாது, வெளிச்சம் மாறக்கூடாது. வெயில் உள்ளே வந்து நிறத்தைக் கெடுக்காமலிருக்க ஜன்னல் முழுக்கக் கறுப்புத் துணி. பகல் பதினோரு மணிக்கு அந்த அறையில் இருட்டும், டிரேசிங் காகிதம் போர்த்திய மூன்று விளக்குகளும், சூடேறிய காகிதத்தின் வாசனையும் இருக்கும். இன்று கூடவே இன்னொரு வாடையும் இருந்தது. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவத்தின் வாடை, மூக்கின் உள்பக்கத்தைச் சுரண்டுகிற மாதிரி.

அது பின்னறையிலிருந்து வந்தது. சத்தமும் அங்கிருந்துதான். சரக், சரக், சரக். பிறகு கொஞ்சம் நிறுத்தம். மறுபடி சரக், சரக். இதில் பயப்பட எதுவுமில்லை. எத்தனையோ தடவை கேட்ட சத்தம். ஒரு பொம்மை சரியாக வரவில்லையென்றால் பெரியவள் அதை ஜாம் பாட்டிலில் ஊற்றிய திரவத்தில் ஊறப்போடுவாள். பெயிண்ட் தோல் உரிந்த மாதிரி இளகும். பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, மூஞ்சி முகமில்லாத மொட்டை உருவமாக்கி, ப்ரைமரிலிருந்து மறுபடி ஆரம்பிப்பாள். இன்று விடிந்ததிலிருந்து தேய்த்துக்கொண்டிருந்தாள். யாரை என்று சின்னவள் கேட்கவில்லை. நேற்று சாயங்காலத்திலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்றுத்தான் அக்காவிடம் சொன்னாள், தனக்கு வேலை கிடைத்துவிட்டதென்று. வேறொரு ஊரில், பழம்பொருட்களைப் படமெடுத்துப் புத்தகம் போடுகிற பெரிய ஸ்டூடியோ. அங்கே ஒவ்வொரு படத்துக்கு அடியிலும் எடுத்தவர் பேரை அச்சடிப்பார்கள். முப்பத்தாறு வயதில் முதல்முறையாகத் தன் பேர் ஒரு காகிதத்தில் ஏறப்போகிறது என்ற நினைப்பு அவளுக்கு நாலு நாளாகத் தூக்கத்தைக் கெடுத்திருந்தது. நாளை விடிகாலை பஸ். துணிமணி கட்டிலடியில் தயாராக இருந்தது. அடையாள அட்டைக்கு ஒரு முகப்படம் மட்டும் இன்று ஐந்து மணிக்குள் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அக்கா கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உன்னை ஆளாக்கினது இதுக்குத்தானா?” என்று வழக்கமாகக் கேட்பதைக் கேட்டிருந்தால், இவளும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்து வயிற்றெரிச்சலைத் தீர்த்துக்கொண்டிருப்பாள். பெரியவள் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே, “அப்படியா” என்று மட்டும் சொன்னாள். தட்டு பளபளவென்று ஆன பிறகும் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

சின்னவள் மணி பார்க்க ஃபோனை எடுத்தாள். கட்டைவிரலை வைத்தாள், திறக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தாள். ஆட்காட்டி விரல், நடுவிரல். மறுபடி முயலவும் என்று மூன்று தடவை சொல்லிவிட்டு ஃபோன் ரகசிய எண்ணைக் கேட்டது. எண்ணைப் போட்டுத் திறந்தாள். விரலில் எதுவோ ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான் என்று கை கழுவப் போனாள்.

குழாயைத் திறந்து சோப்புப் போட்டுத் தேய்த்தாள். வெள்ளைத் தொட்டியில் தண்ணீர் நிறத்தோடு ஓடியது. ரத்தமில்லை. மெல்லிய பழுப்பும் கொஞ்சம் மஞ்சளும் கலந்த நிறம். முகம் வரைந்து முடித்த பிரஷ்ஷை அக்கா அலசுகிற தம்ளரில் பார்த்த நிறம். அவள் தேய்ப்பதை நிறுத்தினாள். தண்ணீர் நிற்காமல் அதே நிறத்தில் விரல் நுனிகளிலிருந்து இறங்கியது. பின்னறையில் சரக், சரக் என்றது. குழாயை மூடிவிட்டு, கையை எங்கும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளங்கையில் ஆயுள் ரேகை எங்கிருந்து எங்கு ஓடியது என்று ஞாபகப்படுத்திப் பார்த்தாள்.

வாசல் மணி அடித்தபோது உயிர் வந்தது. கூரியர்காரர். மூன்று வருஷமாக நாள் தவறாமல் இந்த நேரத்துக்கு வருகிறவர், படியேறிய மூச்சிரைப்போடு, “என்னங்க, இன்னைக்கு யாரைப் பெட்டியில போட்டீங்க?” என்று கேட்டுத் தானே சிரித்துக்கொள்கிறவர். அவள் கதவைத் திறந்ததும் வெயில் முகத்தில் அடித்தது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவள் தோளுக்கு மேலே வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

“சின்ன மேடம் இல்லைங்களா?”

“நான்தாங்க.”

“இல்லைங்க, போட்டோ எடுப்பாங்களே, அவங்க. அவங்கதான் எப்பவும் கையெழுத்துப் போடுவாங்க.”

விளையாடுகிறாராக்கும் என்று நினைத்து அவள் சிரித்தாள். சிரிப்பு முகத்துக்குள்ளேயே நின்றுவிட்ட மாதிரி இருந்தது, கன்னம் இழுபடவில்லை. அவர் மறுபடி அவளைப் பார்த்தார், இந்தத் தடவை கொஞ்சம் அதிக நேரம். பெட்டிகளை வாங்கிக்கொண்டார். கையெழுத்துக் கேட்காமல், நிமிர்ந்து பார்க்காமல், இரண்டு இரண்டு படியாக இறங்கிப் போனார்.

கண்ணாடி பார்க்கப் போகவில்லை அவள். தொழில் புத்தி அப்படி. கண்ணை நம்பமாட்டாள், படத்தைத்தான் நம்புவாள். எப்படியும் ஸ்டூடியோவுக்கு ஒரு படம் அனுப்பியாக வேண்டும். லென்ஸை மாற்றினாள். சின்ன ஸ்டூலை இழுத்து மேசையோரம் போட்டு, விளக்குகளைத் தன் பக்கம் திருப்பி, எடுக்கிற படம் கணினித் திரையில் தெரியும்படி வைத்துக்கொண்டு, ரிமோட்டைக் கையில் பிடித்து உட்கார்ந்தாள்.

அந்தக் கேமராவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் முகம் என்று ஒன்று இருந்தால் உடனே அதைச் சுற்றி ஒரு மஞ்சள் கட்டம் போட்டுவிடும். அக்கா வரைந்த முகங்கள் எவ்வளவு அசல் என்பதற்கு அதுதான் சாட்சி. சுண்டுவிரல் பொம்மைகளைக்கூட அது மனிதர்கள் என்று நம்பிக் கட்டம் போடும். இப்போது மஞ்சள் கட்டம் திரையில் வந்தது. அவள் முகத்தின்மேல் ஊர்ந்தது. நிற்கவில்லை. தாண்டிப் போய், மேசையில் மிச்சமிருந்த பொம்மையின் முகத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் பொம்மையை எடுத்து இழுப்பறையில் போட்டு மூடினாள். கட்டம் மறுபடி வந்தது, அறை முழுக்கத் தேடியது, அணைந்துவிட்டது.

ரிமோட்டை அழுத்தினாள். முதல் படத்தில் ஒரு முகம் இருந்தது. கண், மூக்கு, வாய் எல்லாம் அந்தந்த இடத்தில் இருந்தன. ஆனால் யாருடைய முகம் என்று சொல்ல ஒன்றுமில்லை. மோவாயிலிருந்த மச்சம் இல்லை. சிறுவயதில் கட்டில் முனை பட்டு இடது புருவத்தில் விழுந்த தழும்பு இல்லை. சரக், சரக் என்றது பின்னறை. இன்னொரு படம் எடுத்தாள். இடது புருவமே இல்லை.

சரக். படம். வலது புருவம் பாதி. சரக், சரக். படம். கன்னத்தின் நிறம் திட்டுத் திட்டாகப் போய் அடியில் சாம்பல். வலிக்கவில்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. முகத்தில் குளிர் மட்டும் இருந்தது, ஈரத்துணியை எடுத்த இடத்தில் காற்றுப்பட்ட மாதிரி. வாடை பின்னறையிலிருந்து வரவில்லை என்று அப்போது புரிந்தது. அவள் மேலேயே அடித்தது.

யாரைக் கழுவுகிறாள் என்று கேட்காமலே தெரிந்துவிட்டது.

போன வருஷம் அவள் பிறந்தநாளுக்குப் பெரியவள் ஒரு பொம்மை செய்து கொடுத்தாள். சின்னவளேதான்; நீலச் சட்டையும் கழுத்தில் தொங்கும் கேமராவுமாக. எவ்வளவு ராத்திரி விழித்தாளோ. அதற்கு இவள் செய்தது என்ன? அன்றைக்கு ஏதோ கோபம். ஒரு வாடிக்கையாளர் படத்தைப் பாராட்டி எழுதியதை அக்கா தனக்குச் சொல்லவே இல்லை என்ற கோபம். பொம்மையை விளக்குக்குக் கீழே நிறுத்தி, முப்பது படம் எடுத்து, சேர்த்து, திரை முழுக்கப் பெரிதாக்கி, அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் காட்டினாள். அவ்வளவு பெரிதாக்கினால் தெய்வம் வரைந்தாலும் பிசிறு தெரியும். அது இவளுக்குத் தெரியாதா? படமெடுக்கிறவர்கள் வரைகிறவர்களுக்குச் செய்யக்கூடாத காரியம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். உதட்டில் பிரஷ் நடுங்கியிருக்கிறது, கண் இரண்டும் ஒன்றுபோல இல்லை, இது நானே இல்லை என்று வரிசையாகச் சொன்னாள். சொல்லச் சொல்ல இனித்தது. பெரியவள் பொம்மையை எடுத்துக்கொண்டு போனாள்.

ஓடிவிட வேண்டும் என்று எழுந்தாள். பையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். வாசல் கதவுப் பிடியில் கையை வைத்துத் திருப்பினாள். கை வழுக்கியது. இரண்டு கையாலும் பிடித்தாள். பிடிப்பதற்கு விரலில் சொரசொரப்பே இல்லை. பிடி உள்ளங்கைக்குள் சும்மா சுற்றியது. கதவைத் தட்டிப் பார்த்தாள். சதை தட்டுகிற சத்தம் வரவில்லை. மேசைமேல் ஒரு பொம்மையைக் கீழே வைத்தால் கேட்கிற சத்தம்தான் வந்தது.

பிறகுதான் பின்னறைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வாள்.

பெரியவள் முதுகைக் காட்டிக்கொண்டு மேசையில் குனிந்திருந்தாள். தலையில் மாட்டிய பூதக்கண்ணாடி, அதில் சின்ன விளக்கு. கையில் பல் பிரஷ். ஜாம் பாட்டிலின் அடியில் நீலம் கலங்கி நின்றது, மேலே தோல் நிறத்தில் ஒரு படலம். இடது கைவிரல்களுக்கு நடுவில் சுண்டுவிரல் உயரத்தில் ஒன்று. கழுத்தில் கேமரா.

“அக்கா.”

“ம்.”

“அதை விட்டுடு. நல்லாத்தான் இருந்துச்சு. நான் சும்மா கோவத்துல சொன்னேன்.”

பெரியவள் திரும்பவில்லை. பாட்டிலில் பிரஷ்ஷை நனைத்தாள். “நீ சொன்னது சரிதான்,” என்றாள். குரலில் கோபமில்லை, வேலை நேரத்தில் பேசுகிற அதே குரல். “போன தடவை அவசரப்பட்டுட்டேன். வெறும் கண்ணால பார்த்தா பரவாயில்ல, பெரிசாக்கிப் பார்த்தா நீயா வரல. இந்தத் தடவை நேரம் எடுத்துப் பண்றேன்.”

எனக்குக் காலையில் பஸ் என்று சொல்ல வாயெடுத்தாள். ‘ப’ வரவில்லை. ஒன்றோடொன்று சேர உதடு வேண்டுமே. அம்மா என்று கூப்பிடப் பார்த்தாள், அதுவும் வரவில்லை. தொண்டையிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் முழுசாக வந்தது.

“அக்கா.”

“இங்கதான் இருக்கேன். எங்க போயிடப்போறேன்.”

சரக், சரக், சரக்.

அப்புறம் அந்தச் சத்தம் நின்றது. அதுவரை அது நிற்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டிருந்தவள், நின்றதும் அதைவிட அதிகமாகப் பயந்தாள். தண்ணீரில் அலசும் சத்தம். துணியில் ஒற்றும் சத்தம். பெரியவள் எழுந்து வந்தாள். உருவத்தை அடிக்கட்டையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் தங்கையின் தோளைத் தொட்டு, குழந்தையை நடத்திப்போகிற மாதிரி முன்னறைக்கு நடத்தினாள். கால் மடங்கவில்லை. தரை வழுக்கியது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, இடுப்பைப் பிடித்து, வெளிச்சம் படுகிற பக்கமாகத் திருப்பிவைத்தாள். பின்னறைக்குப் போய்ப் பெயிண்ட், பிரஷ், ஜாம் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துவந்து மேசையில் வைத்தாள்.

கணினித் திரையில் சின்னவளின் உருவம் தெரிந்தது. போட்டிருந்த சட்டையின் நிறம் இல்லை. மச்சம் இல்லை, புருவம் இல்லை, உதடு இல்லை. சாம்பல். மூக்கிருந்த இடத்தில் ஒரு மேடு. அதன் இரண்டு பக்கமும் பள்ளம். பள்ளங்களில் மட்டும் பழைய வெள்ளை கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதன் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேசையில் ஃபோன் அதிர்ந்தது. ஸ்டூடியோவின் பேர் ஒளிர்ந்தது. பெரியவள் மணிக்கட்டால் அதை இழுத்து, காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். வேலை நடக்கும்போது அவள் கை சும்மா இருக்காது. பேசிக்கொண்டே இரண்டு முடி பிரஷ்ஷை நாக்கில் தொட்டுக் கூராக்கினாள்.

“ஆமாங்க, அவ அக்காதான் பேசறேன். அவ வரமாட்டா. இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல.” கண்ணருகே பிரஷ் வந்தது. “இங்க வேலை பாதியில நிக்குதுங்க.”

ஃபோனை வைத்துவிட்டாள். குனிந்து சுண்டுவிரல் உயரத்து முகத்தில் ஒரு புள்ளி வைத்தாள். சின்னவளுக்குச் சில்லென்று இருந்தது. திரையிலிருந்த சாம்பலில் ஒரு வெள்ளை விரிந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்பு. ஒரு கண். அவ்வளவு அழகாக, அவ்வளவு தெளிவாக அவளுக்கு ஒருநாளும் கண் தெரிந்ததில்லை. டிரேசிங் காகிதத்தின் நார் தெரிந்தது. அக்காவின் கன்னத்துப் பூனைமுடி தெரிந்தது. கேமராவின் மஞ்சள் கட்டம் வந்து அந்த ஒற்றைக் கண்ணைச் சுற்றி நின்றது. மூடப் பார்த்தாள். இமை இன்னும் போடவில்லை.

“வாயைக் கடைசியா போட்டுக்கலாம்,” என்றாள் பெரியவள். “அதுலதான் எப்பவும் கெட்டுப்போகுது.”

சின்னவள் கத்தினாள். எங்கேயும் சத்தம் வரவில்லை. மார்புக்குள் வெறும் பிசின். கத்தல் எங்கே போகும்? மேலே ஏறியது. ஏறி, திறந்திருந்த ஒரே இடத்துக்கு வந்தது. கண்ணில் நீர் முட்டியது. நின்றது. உருண்டது. காயாத கறுப்பையும் இழுத்துக்கொண்டு, சாம்பல் கன்னத்தில் ஒரு கோடாக இறங்கியது.

பெரியவள் உச்சுக்கொட்டினாள். பூதக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு கிட்டத்தில் வந்து பார்த்தாள். திரையில் பெரிதாக்கியும் பார்த்தாள், மூக்கு, கன்னம், கண் என்று ஒவ்வொரு இடமாக, தங்கை சொல்லிக்கொடுத்த மாதிரியே.

“கலைஞ்சிடுச்சு,” என்றாள் வருத்தமாக. “இதுவும் நீயா வரல.”

பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றை எடுத்தாள். ஜாம் பாட்டிலில் முக்கினாள். பாட்டில் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டி, சொட்டுப்போக உதறினாள். ஆடாதே என்றாள். ஈரப்பஞ்சு நெருங்கியது. பெரிதானது. விளக்கை மறைத்தது, அக்காவை மறைத்தது, திரையை மறைத்தது. மூடமுடியாத கண்ணின் நடுவில் வந்து மெல்லத் தொட்டு, வட்டமாகத் துடைக்க ஆரம்பித்தது.